4294967297: ஒரு பெரிய எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

4294967297. நம் வழக்கப்படி நிறுத்திப் படித்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, ஒரு பெரிய முழு எண்ணிடம் என்னென்ன கேள்விகள் கேட்கலாம், பேனாவும் தாளும் கொண்டு எப்படிப் பதில் காணலாம் என்று படிப்படியாகப் பார்ப்போம். பகா எண்ணா, பகு எண்ணா? காரணிகள் எவை? செவ்விய எண்ணா, குறைவெண்ணா? இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் கிடைக்குமா? பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். பெருக்கல்களைச் சரிபார்க்க ஒரு கால்குலேட்டர் பக்கத்தில் இருக்கட்டும்.

எண்ணைப் போட்டதும் அதன் பண்புகளையெல்லாம் பட்டியலாகக் கொட்டும் இணையப் பக்கங்கள் நிறைய உண்டு. பதில்கள் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தப் பதில் ஏன் வந்தது என்று அவை சொல்வதில்லை. அந்த ‘ஏன்’ தெரிந்தால் ஆயிரக்கணக்கான வகுத்தல்கள் நான்கைந்தாகச் சுருங்கிவிடும். இந்த எண்ணில் அது அப்பட்டமாகத் தெரிகிறது. அதனால்தான் இதையே எடுத்துக்கொண்டேன்.

படி 1: எண் எங்கிருந்து வந்தது?

வகுக்கத் தொடங்கும் முன் அக்கம்பக்கம் பாருங்கள். ஒன்று குறைவான எண் 4294967296. கணினியோடு பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும்: 2³². 32 பிட்டுகளில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் இத்தனை. பழைய ஐபி முகவரிகளின் மொத்த எண்ணிக்கையும் இதுவே. ஆகவே நம் எண் 2³² + 1. இரும முறையில் எழுதினால் முதலில் ஒரு 1, நடுவே 31 பூஜ்யங்கள், கடைசியில் ஒரு 1.

இந்த வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1 என்று அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். இப்படியே போனால் எல்லாமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று 1640இல் பிரெஞ்சுக் கணித மேதை பியேர் தெ ஃபெர்மா கடிதத்தில் எழுதினார். ஆனால் அவரிடம் நிரூபணம் இல்லை. இந்த வரிசையில் வரும் எண்களுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். வரிசையில் அடுத்து வருவதுதான் நம் எண். 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதர் இதைப் பற்றிக் கேட்டு, இன்னொரு கணித மேதையான ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். ஆய்லர் 1732இல் விடை சொன்னார்: இந்த எண் 641ஆல் மீதியின்றி வகுபடும்.

அவர் சொன்னதை நாமே கண்டுபிடிப்போம்.

படி 2: இலக்கங்களை வைத்து விரைவான சோதனைகள்

கடைசி இலக்கம் 7. ஆகவே 2ஆலும் 5ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூடுதல் 4+2+9+4+9+6+7+2+9+7 = 59. அதை 3ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே எண்ணும் 3ஆல் வகுபடாது.

அடுத்து ஒரே வீச்சில் மூன்று பகா எண்களைக் கழித்துக்கட்டலாம். 7 × 11 × 13 = 1001 என்பதால், வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் போதும்: 297 − 967 + 294 − 4 = −380. இந்த 380 என்பது 7, 11, 13 எதனாலும் வகுபடாது. ஆகவே நம் எண்ணும் வகுபடாது.

அந்த 59ஐ விட்டுவிட வேண்டாம், அதில் இன்னும் நிறைய இருக்கிறது. 59ஐ 9ஆல் வகுத்தால் மீதி 5. எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 9ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4, 7 இவற்றில் ஒன்றுதான் வரும். ஆகவே நம் எண் முழு வர்க்கம் அல்ல. 1, 1+2, 1+2+3 என்று வரிசையாகக் கூட்டிக் கிடைக்கும் முக்கோண எண்களுக்கு மீதி 0, 1, 3, 6 மட்டுமே. ஆகவே முக்கோண எண்ணும் அல்ல. கனங்களுக்கு மீதி 0, 1, 8 மட்டுமே; 8 என்பதை −1 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கனங்களைக் கூட்டினால் மீதி −2 முதல் 2 வரைதான் வரும். எனவே ராமானுஜன் சொன்ன 1729 போல, இரண்டு கனங்களின் கூடுதலாக நம் எண்ணை எழுதவே முடியாது. மூன்று கனங்களைக் கூட்டினால் −3 முதல் 3 வரை. 5 என்பது −4க்குச் சமம், அதுவும் அந்த எல்லைக்கு வெளியே. ஆகவே குறை எண்களை அனுமதித்தாலும் மூன்று கனங்களால் இதை ஆக்க முடியாது. பத்து இலக்கங்களைக் கூட்டியதற்கு இவ்வளவு பலன்!

இலக்கங்களைக் கொண்டு செய்யும் வேறு வகைப்பாடுகளும் உண்டு. உதாரணமாக, ஒவ்வோர் இலக்கத்தின் வர்க்கத்தையும் கூட்டி, வந்த எண்ணுக்கும் அதையே செய்துகொண்டே போனால் 1இல் முடிகிறதா என்று பார்ப்பார்கள். நம் எண்ணுக்கு 417, 66, 72, 53, 34, 25, 29, 85, 89 என்று போய்ச் சுழலில் மாட்டிக்கொள்ளும், 1ஐத் தொடாது. எனக்கு இந்த வகைப் பண்புகளில் பெரிய ஈடுபாடு இல்லை. அவை நாம் பத்தின் அடிமானத்தில் எழுதுவதால் வருபவை. எழுதும் முறையை மாற்றினால் மறைந்துவிடும். காரணிகள் அப்படி மறையாது.

படி 3: முதல் காரணியைத் தேடுவது

ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலம் 65536ஐவிட மிகச் சற்றே அதிகம். அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது என்றால் நாள்கணக்காகும்.

இங்கேதான் எண்ணின் வடிவம் கைகொடுக்கிறது. ‘ப’ என்ற பகா எண் 2³² + 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³²ஐ ‘ப’வால் வகுத்தால் மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴இன் மீதி 1. அதாவது 2இன் அடுக்குகளை வரிசையாக எடுத்து ‘ப’வால் வகுத்துக்கொண்டே போனால், மீதி முதன்முதலாக 1 ஆவது சரியாக 64ஆவது அடுக்கில். (அதற்கு முன்பே 1 ஆகியிருந்தால், அந்த அடுக்கு 64இன் வகுத்தியாக, அதாவது 32 அல்லது 32இன் வகுத்தியாக இருக்க வேண்டும், அப்போது 2³²இன் மீதி −1 ஆக இருக்காது, 1 ஆகிவிடும்.) அதன்பின் மீதிகள் அதே வரிசையில் திரும்ப வருவதால், மீதி 1 கிடைப்பது 64இன் மடங்கான அடுக்குகளில் மட்டுமே. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, 2இன் (ப − 1)ஆவது அடுக்குக்கும் மீதி 1. ஆகவே ப − 1 என்பது 64இன் மடங்காக இருந்தே தீர வேண்டும்.

ஆக, காரணி எதுவானாலும் அது 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதல். ஆய்லர் நிறுவியது இது. அந்த வடிவத்தில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். நம் எண்ணை இவற்றால் வகுத்தால் மீதிகள் முறையே 109, 2, 325, 288, 0. ஐந்தாவது முயற்சியில் காரணி கிடைத்துவிட்டது. 6542 எங்கே, 5 எங்கே!

பிரெஞ்சுக் கணிதர் எத்வார் லூக்கா 1878இல் இதை இன்னும் கூர்மையாக்கினார்: காரணி 128இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வரிசை 129, 257, 385, 513, 641. இதில் 129, 385, 513 மூன்றும் பகு எண்கள். மிஞ்சுவது 257உம் 641உம். 257ஐ வகுத்துப் பார்க்கவே வேண்டாம்; அது ஃபெர்மா வரிசையிலேயே முன்னால் வந்த எண். அந்த வரிசையில் ஓர் அழகான உறவு உண்டு:

3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295

அதாவது நம் எண்ணைவிட 2 குறைவு. 257 நம் எண்ணையும் வகுத்தால், வித்தியாசமான 2ஐயும் வகுக்க வேண்டும். அது நடக்காது. ஆகவே சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641தான்.

சோதிப்பதற்குப் பத்து இலக்க வகுத்தல் தேவையில்லை. மீதிகளை மட்டும் பின்தொடருங்கள். 2¹⁶ = 65536 = 641 × 102 + 154; மீதி 154. அதை வர்க்கப்படுத்தினால் 23716. இது 641 × 37 − 1. ஆகவே 2³²இன் மீதி −1. அதனுடன் 1ஐக் கூட்டினால் பூஜ்யம். முடிந்தது.

இதைவிடச் சுருக்கமான ஒரு நிரூபணமும் இருக்கிறது. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. 641ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: 641 = 5 × 2⁷ + 1, 641 = 5⁴ + 2⁴. முதலாவதன்படி, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷இன் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴க்குப் பதிலாக −2⁴ஐப் போடலாம். அப்போது −2³²இன் மீதி 1. இரண்டே வரிகள், ஒரு வகுத்தல்கூட இல்லை.

இப்போது வகுத்துவிடலாம்: 4294967297 = 641 × 6700417.

இங்கே ஓர் எச்சரிக்கை. எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிக் காரணி காணும் முறையும் ஃபெர்மா தந்ததுதான். காரணிகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் அது சிறந்த முறை. இங்கே அது உதவாது. நம் எண் 3350529² − 3349888². 65537இல் தொடங்கி 3350529 வரை ஒவ்வொன்றாகப் பார்த்தால் 32 லட்சத்து 84 ஆயிரத்து 993 முயற்சிகள் ஆகும். முறை நல்லதுதான், இந்த எண்ணுக்கு ஒத்துவராது.

படி 4: 6700417 பகா எண்தானா?

பலர் இங்கே நின்றுவிடுவார்கள். ஒரு காரணி கிடைத்ததும் வேலை முடிவதில்லை. மிச்சம் இருப்பதும் பகா எண்ணா என்று பார்த்தால்தான் காரணிப்படுத்தல் முழுமை பெறும்.

6700417இன் வர்க்கமூலம் 2588க்குச் சற்று மேல். அதை வகுக்கும் எதுவும் நம் பெரிய எண்ணையும் வகுக்கும். ஆகவே 128இன் மடங்கைவிட ஒன்று கூடுதல் என்ற கட்டுப்பாடு இதற்கும் பொருந்தும். 2588க்குள் அந்த வடிவத்தில் இருக்கும் எண்கள் இருபது. அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து மட்டுமே. 257ஐ ஏற்கெனவே நீக்கிவிட்டோம். மற்ற நான்கால் 6700417ஐ வகுத்தால் மீதிகள்:

641 → 44
769 → 120
1153 → 334
1409 → 622

எதுவும் பூஜ்யம் இல்லை. ஆகவே 6700417 பகா எண். நான்கே வகுத்தல்களில் ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிட்டது.

படி 5: காரணிகள் தெரிந்தபின் வரும் வகைப்பாடுகள்

இதன்பிறகு பெரும்பாலானவை கூட்டல், பெருக்கல்தான். வேகமாகக் கடந்துவிடலாம்.

வகுத்திகள் நான்கு: 1, 641, 6700417, 4294967297. எந்தப் பகாக் காரணியும் இருமுறை வரவில்லை. ஆகவே 1ஐத் தவிர வேறு எந்த வர்க்கமும் இதை வகுக்காது. சரியாக இரண்டு பகா எண்களின் பெருக்கம் என்ற வகையில் சேரும்.

தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் 1 + 641 + 6700417 = 6701059. அது எண்ணைவிட மிகக் குறைவு. ஆகவே இது குறைவெண். 6, 28, 496 போன்ற செவ்விய எண்களுக்கு இந்தக் கூடுதல் எண்ணுக்கே சமமாக வரும். மிகையெண்களுக்கு எண்ணைத் தாண்டிவிடும். நம் எண்ணில் கூடுதல் எண்ணின் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை.

இந்த எண்ணோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத, இதைவிடச் சிறிய எண்கள் எத்தனை? அதுதான் ஆய்லரின் ஃபை சார்பு. 640 × 6700416 = 4288266240. பகா எண்ணாக இருந்திருந்தால் இது 4294967296 ஆக இருந்திருக்கும். செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் ஆர்எஸ்ஏ மறையீட்டு முறை நிற்பதும் இந்தக் கணக்கின் மேல்தான்: இரு பெரிய பகா எண்களின் பெருக்கம் எல்லோருக்கும் தெரியும், ஃபை மதிப்பு தெரியாது. அந்த முறையில் செய்தியை மறைக்க உயர்த்தும் அடுக்காக (பொது அடுக்கு) மிகப் பரவலாகப் பயன்படும் எண் நம் எண்ணுக்கு முந்தைய ஃபெர்மா எண்ணான 65537.

படி 6: இரண்டு வர்க்கங்களின் கூடுதல்

இந்த எண்ணில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

4ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு விதமாக இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியும். ஃபெர்மா சொன்னது, ஆய்லர் நிரூபித்தது. நம் இரு காரணிகளும் அந்த வகைதான்:

641 = 25² + 4²
6700417 = 2556² + 409²

இப்படிப்பட்ட இரு எண்களைப் பெருக்கினால் விடையையும் இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம், அதுவும் இரண்டு விதமாக. 7ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் தந்த முற்றொருமை இதைத்தான் சொல்கிறது. குறுக்காகப் பெருக்கிக் கூட்டியும் கழித்தும் பாருங்கள்.

முதல் விதம்: 25 × 2556 + 4 × 409 = 63900 + 1636 = 65536. அதன் துணை: 25 × 409 − 4 × 2556 = 10225 − 10224 = 1. ஆகவே 65536² + 1². நாம் தொடங்கிய 2³² + 1 அப்படியே திரும்ப வந்து நிற்கிறது.

இரண்டாம் விதம்: 63900 − 1636 = 62264; 10225 + 10224 = 20449. ஆகவே 62264² + 20449². கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: 3876805696 + 418161601 = 4294967297. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது விதம் கிடையாது.

இதைத் தலைகீழாகவும் செய்யலாம். காரணிகளே தெரியாமல், எப்படியோ இந்த இரு விதங்கள் மட்டும் உங்களுக்குக் கிடைத்தன என்று வையுங்கள். 65536 − 62264 = 3272; 20449 − 1 = 20448. இவ்விரண்டின் மீ.பொ.வ 8. வகுத்தால் 409உம் 2556உம். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 6700417! ஓர் எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு விதத்தில் எழுத முடிந்தாலே அது பகு எண். காரணியும் அங்கேயே கிடைத்துவிடும். ஆய்லரின் காரணிப்படுத்தும் முறை என்று இதற்குப் பெயர்.

படி 7: பகாமைச் சோதனைகள் ஏமாறும் இடம்

பெரிய எண்களுக்குக் காரணி தேடாமலேயே பகா எண்ணா என்று சோதிப்பார்கள். எளியது இது: 2ஐ, எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1 இல்லையென்றால் பகு எண் என்பது உறுதி. 1 என்றால் பகா எண்ணாக ‘இருக்கலாம்’.

நம் எண்ணுக்கு அந்த அடுக்கு 2³². 2⁶⁴இன் மீதி 1 என்பது படி 3இலேயே சொன்ன காரணத்தால் இங்கும் பொருந்தும்: எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று குறைவானதை வகுத்தால் மீதி −1, அதன் வர்க்கம் 1. 2³² என்ற அந்த அடுக்கு 64இன் மடங்கு. ஆகவே மீதி 1. நம் பகு எண் சோதனையில் தேறிவிட்டது! இப்படித் தேறும் பகு எண்களைப் போலிப் பகா எண்கள் என்பார்கள். ஃபெர்மா எண்கள் எல்லாமே 2ஐ அடிமானமாகக் கொண்ட இந்தச் சோதனையில் தேறிவிடும். இதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனையில்கூட, அடிமானம் 2 என்றால் நம் எண் தப்பிவிடும்.

என்ன செய்வது? அடிமானத்தை மாற்றுங்கள். ஃபெர்மா எண்களுக்கென்றே 1877இல் பெப்பான் ஒரு சோதனை தந்தார்: 3ஐ, எண்ணைவிட ஒன்று குறைவானதில் பாதி அடுக்குக்கு உயர்த்துங்கள். மீதி −1 என்றால் பகா எண். வேறு எது வந்தாலும் பகு எண். இதில் ‘இருக்கலாம்’ என்ற பேச்சே இல்லை. 3இலிருந்து தொடங்கி 31 முறை வர்க்கப்படுத்தி மீதி எடுத்தால் போதும். நம் எண்ணுக்கு −1 வராது.

படி 8: வடிவியலில் இதன் இடம்

கணித மேதை காஸ் 1796இல், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். ஒற்றைப்படைப் பக்கங்கள் என்றால், அந்த எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும். வேறு வழியில்லை என்பதை வாண்ட்செல் 1837இல் நிரூபித்தார். 641உம் 6700417உம் ஃபெர்மா பகா எண்கள் அல்ல. ஆகவே 4294967297 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தைக் கொள்கையளவில்கூட அப்படி வரைய முடியாது. ஆனால் இரண்டு பக்கங்களைக் குறைத்தால் முடியும்! 4294967295 ஐந்து ஃபெர்மா பகா எண்களின் பெருக்கம். அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்களை வைத்து வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்கள் 31. அவற்றில் மிகப் பெரியது இதுதான்.

அடுத்த எண்ணில் நீங்களே செய்து பாருங்கள்

வரிசையில் அடுத்தது 2⁶⁴ + 1 = 18446744073709551617. இருபது இலக்கங்கள். இதையும் 274177 × 67280421310721 என்று பிரித்துவிட்டார்கள். லாண்ட்ரி 1880இல், 82 வயதில் இதை வெளியிட்டார். கிளாசன் 1855லேயே காஸுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருந்தார்.

லூக்கா சொன்னபடி இதன் காரணிகள் 256இன் மடங்கைவிட ஒன்று கூடுதல். 274177 = 256 × 1071 + 1. படி 3இல் செய்தது போலவே மீதிகளைப் பின்தொடருங்கள். 2³² = 274177 × 15665 − 15409; மீதி −15409. அதன் வர்க்கம் 237437281. 274177 × 866 = 237437282. ஆகவே 2⁶⁴இன் மீதி −1, ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம்.

அதற்கு மேல் வேலை மளமளவென்று கடினமாகிறது. 2¹²⁸ + 1ஐ 1970இல் மோரிசனும் பிரில்ஹார்ட்டும் கணினி கொண்டுதான் பிரித்தார்கள். 65537க்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை. இனி இல்லவே இல்லை என்று நிரூபித்தவரும் யாரும் இல்லை.